சின்னத்தாய் தொலைந்த இடம்

அச்சங்குளத்தில் சின்னத்தாயின் கைகளைப் பற்றித் தெரியாதவர்கள் கிடையாது. பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிற பெண்கள் எத்தனையோ பேர் உண்டு. ஆனால் அவள் பின்ன உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் தங்கள் வேலையை ஒரு கணம் மறந்துவிட்டுப் பார்ப்பார்கள். இடது கை வெடியை எடுப்பதும், வலது கை திரியை மடக்கி முடிச்சுக்குள் தள்ளுவதும் கண்ணுக்குப் பிடிபடாது. சிவப்பு வெடிகள் தாமாகவே ஓடிவந்து வரிசையில் நிற்பதுபோல இருக்கும். எங்கோ வடக்கே, பேர் தெரியாத ஒரு வீட்டு வாசலில், இடையில் ஒரு வெடிகூட நமுத்துப் போகாமல் படபடவென்று வெடித்து முடிகிற சரம் அவள் பின்னியதாக இருக்கலாம்.

அந்தக் கைகளைப் பார்த்துத்தான் ஊர்க்காவலன் அவளைக் கட்டிக்கொண்டான். அவன் அதே கம்பெனியில் லோடுமேன். பெட்டி தூக்கிக் காய்ப்பு ஏறிப்போன தன் கைகளுக்கு நடுவே அவள் விரல்களை வைத்துப் பார்த்து, இப்படியும் கடவுள் படைப்பானா என்று வியந்தவன். வியப்பு தீராமலேயே இருபது வருடங்களுக்கு மேல் ஓடிவிட்டன. ஒரே மகள் இசைவாணி சிவகாசியில் ஓர் அச்சாபீசில் காலண்டருக்குத் தகடு அடிக்கிற வேலைக்குப் போகுமளவு வளர்ந்துவிட்டாள்.

சின்னத்தாய்க்கு இன்னொரு பெருமையும் இருந்தது. கம்பெனியில் கூலி என்பது பின்னிய சரத்துக்குத்தான். தீ பிடித்தால் பரவக்கூடாது என்று அறைகளைத் தள்ளித் தள்ளிக் கட்டியிருப்பார்கள். கக்கூஸ் அவற்றுக்கும் அப்பால், வெயிலில் நடந்து போகிற தூரத்தில் இருக்கும். போனாலும் தண்ணீர் இருக்கும் என்பது நிச்சயமில்லை. ஒருமுறை எழுந்து போய்வந்தால் ஒரு சரம் போயிற்று. அதனால் பெண்கள் காலையில் வேன் ஏறும்போதே வாயைக் கட்டிவிடுவார்கள். மதியச் சோற்றுக்கு ஒரு மிடறு தண்ணீர், அவ்வளவுதான். சின்னத்தாய் அந்த ஒரு மிடறும் குடிக்கமாட்டாள். ஊருக்கு வெளியே கருவேலங்காட்டுக்குப் போவதென்றாலும் இருட்டில்தான் போகவேண்டும். சீசன் வந்துவிட்டால் விடியுமுன் வேன் வந்து நிற்கும்; திரும்பி வந்து விழுந்தால் தூக்கம்தான் வரும். இன்றைக்கில்லை நாளைக்கு என்று அவள் வயிற்றைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருப்பாள்.

"ஏ சின்னத்தாயி, ஒனக்கு இருக்கது வயிறா, கம்பெனிக் குடோனா? உள்ள போன சரக்கு ஒண்ணும் லோடு ஏற மாட்டேங்குதே" என்று பக்கத்தில் உட்கார்ந்து பின்னும் கருப்பம்மாள் கேலி செய்வாள்.

"சீசன் முடியட்டும்க்கா. மொத்தமா ஏத்தி அனுப்பிருவோம்" என்பாள் சின்னத்தாய். அறையே சிரிக்கும்.

அந்தச் சிரிப்பு அவளை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதுதான் கதை.

இசைவாணி கைக்குழந்தையாக இருந்தபோது சின்னத்தாய்க்கு மஞ்சள்காமாலை வந்திருந்தது. கீழாநெல்லியை அரைத்துக் குடித்தாள், பத்தியம் இருந்தாள், கண் வெளுத்ததும் வேலைக்குப் போய்விட்டாள். வந்தது போய்விட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். இரண்டாயிரத்து ஆறாம் வருடம் சித்திரை பிறந்த பிறகுதான் அவளிடம் ஏதோ ஒன்று மாறத் தொடங்கியது. பகலில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கினாள். ராத்திரியில் கண்ணை விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். குழம்பில் உப்பை மூன்று தடவை போட்டாள். சும்மா இருக்கும்போதே அழுதாள். ஏன் என்று கேட்டால் அழுததே தெரியாது என்றாள். காப்பி டம்ளரைப் பிடித்தால் அது ஆடியது.

உடம்பு விட்டுப்போய்விட்டது, அதனால்தான் மனசும் விட்டுப்போகிறது என்று ஊர்க்காவலன் முடிவு கட்டினான். ஆட்டு ஈரல் வாங்கி வந்தான். ரத்தப்பொரியலும் எலும்புச் சாறும் முட்டையுமாகத் தன் கையாலேயே ஊட்டினான். தான் வெறுஞ்சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டு அவளுக்குக் கறியை ஒதுக்கிவைத்தான். அவன் ஊட்ட ஊட்ட அவள் அவனைவிட்டு விலகிப் போய்க்கொண்டே இருந்தாள்.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடிக்குக் கூட்டிப்போனார்கள். மாரியம்மன் சன்னிதியில் அவளைக் கும்பிட வைத்துவிட்டு ஆற்று மணலில் கூட்டத்தோடு கூட்டமாகத் தங்கினார்கள். கம்பெனியில் வாயைக் கட்டியவள் அங்கே யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக் குடித்தாள். கூழ், மோர், பானகம், தொட்டித் தண்ணீர் எதையும் விடவில்லை. மறுநாள் அவளுக்கு வயிற்றோட்டம் கண்டது. இசைவாணியின் தோளைப் பிடித்துக்கொண்டு புதர்ப்பக்கம் போவதும் வருவதுமாக ஓய்ந்து, வேப்பமரத்து நிழலில் சுருண்டு தூங்கினாள். விழித்தபோது மகளை ஏற இறங்கப் பார்த்து, கோயிலுக்கு வந்த இடத்தில் தலைகூடச் சீவாமல் இப்படியா திரிவது என்று அதட்டினாள். பழைய குரல், பழைய கண். ஊர்க்காவலன் சன்னிதி இருக்கும் திசையைப் பார்த்து மணலில் அப்படியே விழுந்து கும்பிட்டான். அம்மன் கண் திறந்துவிட்டாள் என்று பக்கத்துக் குடும்பத்தார் குலவை போட்டார்கள்.

ஆவணி நல்லபடியாகக் கழிந்தது. புரட்டாசியில் தீபாவளி ஆர்டர் மலைபோல வந்து விழ, கம்பெனி ஞாயிற்றுக்கிழமைகூட ஓடியது. சின்னத்தாய் மறுபடியும் வாயைக் கட்டினாள்.

ஒருநாள் மத்தியானம் அவள் பின்னிய சரத்தைத் தானே பிரித்துக்கொண்டிருந்ததைக் கருப்பம்மாள் பார்த்தாள். ஒவ்வொரு வெடியாகக் கழற்றித் தரையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்பதற்குள் எழுந்து, மருந்து கலக்கும் அறையை நோக்கி நடந்தாள். வாசலில் நின்று உள்ளே பார்த்து, மிகவும் சாதாரணமாகக் கேட்டாள்.

"தீப்பெட்டி இருக்கா? ஒல வைக்கணும்."

பட்டாசுக் கம்பெனிக்குள் யாரும் உச்சரிக்காத வார்த்தை அது. வாசலில் வாட்ச்மேன் மடியைத் தடவி, பீடியா தீக்குச்சியா என்று பார்த்துத்தான் ஆளை உள்ளே விடுவான். உள்ளே இருந்தவர்களின் கைகள் அந்தரத்தில் நின்றன. போர்மேன் ஓடிவந்து அவள் கையைப் பிடித்து கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் உட்கார வைத்தார். இனிமேல் இந்த அம்மாவை வேனில் ஏற்றவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை என்று ஊர்க்காவலனுக்கும் தெரிந்தது.

சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்தபோது அதைவிடப் பெரிய இடி காத்திருந்தது. தெரு நடுவே நின்றிருந்த சின்னத்தாய் அவனைப் பார்த்ததும் சத்தமாகக் கூப்பிட்டாள்.

"ஏலே ஊர்க்காவலா, எங்கலே போயிட்டு வார?"

கல்யாணமான நாளிலிருந்து புருஷன் பெயர் அவள் நாவில் வந்ததில்லை. ரேஷன் கடையில் கேட்டால் பக்கத்தில் நிற்பவளைச் சொல்லச் சொல்லுவாள். கோயிலில் அர்ச்சனைக்குக் கேட்டால் மகளின் இடுப்பில் இடிப்பாள். அந்தப் பெண் இப்போது நடுத்தெருவில் ஏலே என்கிறாள். இது அவள் இல்லை, அவள் மேல் வந்து பேசுவது வேறு யாரோ என்று பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி எலுமிச்சம்பழத்தோடு வந்து, தன் மகனுக்கு எப்போது வேலை கிடைக்கும் என்று குறி கேட்டுவிட்டும் போனாள்.

சின்னத்தாயின் தம்பி பாண்டி, கம்பெனிக்கு ஆள் ஏற்றுகிற வேன் ஓட்டுகிறவன். அக்காள் மேல் உயிர்தான் அவனுக்கு. ஆனால் பயம் உயிரையும் மிஞ்சிவிட்டது. கிழக்கே கடற்கரைப் பக்கம் ஓர் இடம் இருக்கிறது, புத்தி பிசகினவர்களை அங்கே விட்டுவிடலாம் என்றான். அந்த மாதிரி இடங்களை அரசாங்கம் மூடச் சொன்ன பிறகும் ஓலைக்கொட்டகைக்குள் மறைவாக நடத்திக்கொண்டிருந்தார்கள். அங்கே காலில் சங்கிலி போடுவார்கள் என்பது ஊர்க்காவலனுக்குத் தெரியும். முடியாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அடுப்பைப் பற்றவைக்கிறேன் என்று அவள் சேலை முந்தியில் நெருப்பு வைத்துக்கொண்ட அன்று, இசைவாணி வெறுங்கையால் அதை அணைத்துவிட்டு மூலையில் உட்கார்ந்து அழுத அன்று, அவனுடைய முடியாது முடிந்துபோயிற்று.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வேன் வந்தது. அவளுடைய சேலைகளை எல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டிப் பின்சீட்டில் வைத்தார்கள். ஊர்க்காவலன் அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டான். வண்டி சாத்தூரைத் தாண்டும்வரை ஏதேதோ முணுமுணுத்தவள், அப்புறம் பேச்சை நிறுத்தினாள். விருதுநகரை நெருங்கும்போது தட்டினாலும் கிள்ளினாலும் மெல்ல முனகினாளே தவிரக் கண் திறக்கவில்லை. மகள் போட்ட கூச்சலில் பாண்டி வண்டியை அரசு ஆஸ்பத்திரிக்குத் திருப்பினான்.

டாக்டர் சீனிவாசகம் அதிகம் பேசாதவர். குனிந்து அவள் மூச்சை முகர்ந்தார். பழைய அழுகல் பழத்தின் இனிப்பு வாடை அதில் இருந்தது. கன்னத்தைத் தட்டி எழுப்பி, யாரையோ நில் என்று தடுப்பதுபோல் கைகளை நீட்டிப் பிடிக்கச் சொன்னார். அவள் அரைக்கண்ணோடு நீட்டினாள். மணிக்கட்டுகள் தாமாகத் துவண்டு விழுந்து, மறுபடி எழும்பி, மறுபடி விழுந்தன. பறக்கத் தெரியாத குஞ்சு சிறகை அடித்துப் பார்ப்பதுபோல இருந்தது. ஊர் மெச்சிய கைகள். ஊர்க்காவலன் பார்க்கமுடியாமல் சுவரைப் பார்த்தான்.

பேர் சொல்லுங்கம்மா என்று நர்ஸ் கேட்டாள். தன் பேர் தெரியவில்லை. ஊர் தெரியவில்லை. பக்கத்தில் நிற்கிறவர் யார் என்றதும் மட்டும், "ஊர்க்காவலன், திருட்டுப்பய" என்று தெளிவாக வந்தது. பரவாயில்லை, இதையாவது சரியாகச் சொன்னாரே என்றாள் நர்ஸ். ஊர்க்காவலன் தலையைக் குனிந்துகொண்டான்.

டாக்டர் அவனைப் பார்த்துக் கேட்டார். "இவங்க வெளிக்கிப் போய் எவ்வளவு நாளாச்சு?"

இசைவாணிதான் கூச்சத்தை விழுங்கிக்கொண்டு, ஒரு வாரத்துக்கு மேல் இருக்கும் என்றாள். கம்பெனியில் தண்ணீர் குடிக்காததையும், சிறுவயதில் தனக்கு அம்மா சொல்லியிருந்த காமாலையையும், ஆற்று மணலில் நடந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். இருக்கன்குடியில் வயிற்றோட்டம் வந்த பிறகுதான் புத்தி தெளிந்தது என்றபோது டாக்டர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார். அவர் முகத்தில் முதன்முதலாக ஒரு வெளிச்சம் வந்தது. இவருக்குப் பைத்தியம் இல்லை என்று சொல்லிவிட்டு, வயிற்றைச் சுத்தம் செய்ய எனிமாவுக்கும், இனிப்பான ஒரு மருந்துக்கும் சீட்டு எழுதினார்.

வெளியே வந்ததும் பாண்டி கொதித்தான்.

"மச்சான், மூளை கெட்டவளுக்குப் பேதி மருந்து குடுக்குறாரு. இவரை நம்பியா இங்கன ஒக்காரப் போறீக? பொழுது சாயுறதுக்குள்ள போயிச் சேரணும், கெளம்புங்க."

ஊர்க்காவலன் வேனைப் பார்த்தான். பின்சீட்டில் மூட்டை தெரிந்தது. இருபது வருடங்களில் அவன் எத்தனையோ லோடு ஏற்றியிருக்கிறான். அந்த மூட்டையைத் தூக்கியபோதுதான் அவன் கை தளர்ந்தது.

"மாப்ள, நீ வண்டிய எடுத்துட்டுப் போ. விடியட்டும். நாளைக்கும் இவ இப்படியே கெடந்தா நானே ஒன்னயக் கூப்பிடுதேன்" என்றான்.

பாண்டி முணுமுணுத்துக்கொண்டே போனான். எனிமா கொடுத்தார்கள். அதன் பிறகு குழாய் வழியாகவும், கொஞ்சம் விழித்த பிறகு கரண்டியாலும் அந்தப் பாகு போன்ற மருந்து உள்ளே போயிற்று. சின்னத்தாயின் வயிறு நாள்கணக்கில் அடைத்து வைத்திருந்ததையெல்லாம் விட்டுக்கொடுத்தது. அப்பாவும் மகளும் முகம் சுளிக்காமல் துணி மாற்றினார்கள்.

மறுநாள் காலை நர்ஸ் வழக்கம்போல வந்து கட்டிலருகே நின்றாள். பேர் கேட்டாள். "சின்னத்தாய்" என்றாள். ஊர் கேட்டாள். "அச்சங்குளம்" என்றாள். இவர் யார் என்று ஊர்க்காவலனைக் காட்டினாள். வீட்டுக்காரர் என்றாள். அவர் பேர் என்ன என்று கேட்டாள்.

சின்னத்தாய் பேசவில்லை.

நேற்றுக்கூடச் சொன்னீர்களே அம்மா, யோசித்துச் சொல்லுங்கள் என்றாள் நர்ஸ். சின்னத்தாய் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். இன்னும் முழுசாகத் தெளியவில்லை என்று நர்ஸ் உதட்டைப் பிதுக்கினாள். அப்போதுதான் அவள் பார்த்தாள், ஊர்க்காவலன் தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தான். கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஊர் உலகம் மறந்து, சின்னப்பிள்ளைபோல அழுதான். முந்தியால் பாதி முகத்தை மூடிக்கொண்டு சின்னத்தாய் மகளிடம் கோபமாகச் சொன்னாள்.

"நீ சொல்லேண்டி அப்பா பேர. பாத்துக்கிட்டே நிக்கிறா."

கேள்விப்பட்ட டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அன்றைக்கு மத்தியானம் அவர் ஊர்க்காவலனைத் தன் அறையில் உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார்.

நம் குடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடானுகோடி குடியிருக்கின்றன. பூமியில் உள்ள மனிதர்களைவிட ஒரு வயிற்றுக்குள் இருப்பவை அதிகம். நாம் தின்கிற சோற்றையும் கறியையும் அவையும் தின்கின்றன. நமக்கு வேண்டிய நல்லதையும் செய்கின்றன, சில நஞ்சையும் உண்டாக்குகின்றன. அந்த நஞ்சு ரத்தத்தில் ஏறினால் முதலில் ஈரலுக்குத்தான் போகும்.

"உங்க கம்பெனி வாசல்ல வாட்ச்மேன் மடியைத் தடவிப் பாத்துத்தானே உள்ள விடுறார்? ஈரல் அந்த வாட்ச்மேன். மூளை, மருந்து கலக்குற ரூம். இவங்க வாட்ச்மேனுக்கு அந்தக் காமாலையிலேயே பாதிக் கண்ணு போயிருச்சு. வயித்துல நாள்கணக்கா அடைச்சு வச்சா, அங்க தீக்குச்சி மேல தீக்குச்சியா உண்டாகி, தடுக்க ஆளில்லாம நேரே அந்த ரூமுக்குப் போயிருது."

ஊர்க்காவலனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த இனிப்பு மருந்து மனித உடம்புக்குச் செரிக்காத சர்க்கரையாம். அது அப்படியே குடலின் கடைசிவரை இறங்கி, அங்கே இருக்கும் அந்தச் சிற்றுயிர்களுக்கு விருந்தாகுமாம். அவை தின்னத் தின்னக் குடல் புளித்து, நஞ்சு அந்தப் புளிப்பில் சிக்கி வெளியேறிவிடுமாம். வைத்தியம் மனுஷிக்கு இல்லை, அவளுக்குள் குடியிருக்கும் கோடி உயிர்களுக்கு. அவற்றுக்குப் படையல் வைத்தார்கள். அவை அவன் பெண்டாட்டியைத் திருப்பித் தந்துவிட்டன.

ஈரல் பழையபடி ஆகாது என்றும் டாக்டர் சொன்னார். இந்த மருந்தை விடக்கூடாது, வயிற்றை ஒருநாள்கூடக் கட்டக்கூடாது, சரம் பின்னுகிற வேலை இனி கூடவே கூடாது. உடம்பு தேறட்டும் என்று கறியாய் ஊட்டியது இந்த நோய்க்கு எதிராகப் போய்விட்டது என்று அவர் மெதுவாகச் சொன்னபோது ஊர்க்காவலன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஊட்டிய கை. தெரியாமல் செய்ததை அவர் குற்றமாக எடுக்கவில்லை, அவன் எடுத்துக்கொண்டான்.

மனக்கோளாறு எல்லாமே வயிற்றால் வருவதுதானா என்று அவன் கேட்டான். டாக்டர் அவசரமாகத் தலையசைத்து மறுத்தார். இது ஒரு வகை. மற்றதற்கெல்லாம் வேறு காரணங்கள், வேறு மருந்துகள். ஆனால் ஜப்பானில் சில ஆராய்ச்சியாளர்கள், குடலில் ஒரு கிருமிகூட இல்லாத எலிகளை வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். கொஞ்ச நேரம் அடைத்துவைத்தாலே அந்த எலிகளின் உடம்பு மற்ற எலிகளைவிட அதிகமாகக் கலங்கிப் போகிறதாம். வயிறும் மனசும் எதையெல்லாம் பேசிக்கொள்கின்றன என்பது இன்னும் யாருக்கும் முழுதாகத் தெரியாது என்றார் அவர். படித்த அந்த மனிதரின் குரலிலும் அதே மலைப்பு இருந்ததை ஊர்க்காவலன் கவனித்தான்.

வார்டுக்குத் திரும்பி வந்தபோது சின்னத்தாய் தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சோடு ஏறி இறங்கும் அவள் வயிற்றை அவன் வெகுநேரம் பார்த்தான். அந்த மெல்லிய சேலைக்கு அடியில் ஓர் உலகமே உண்டு, அது உறங்குவதில்லை, அவனை அவளுக்கு ஞாபகம் இருக்கவேண்டுமா வேண்டாமா என்பது அங்கேயும் தீர்மானமாகிறது. கோயிலில் நிற்பதுபோல் அவன் கை தானாகக் குவிந்தது.

வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்று பாண்டி வேனைக் கொண்டுவந்தான். அக்காளின் முகத்தை நேருக்கு நேர் பார்க்க அவனால் முடியவில்லை. சின்னத்தாய் ஏறி உட்கார்ந்ததும் பின்சீட்டில் இருந்த மூட்டை கண்ணில் பட்டது. இத்தனை நாளும் அதை எடுத்துவைக்க யாருக்கும் தோன்றவில்லை. முடிச்சை அவிழ்த்துப் பார்த்தாள். கல்யாணச் சேலைகூட உள்ளே இருந்தது.

"ஆஸ்பத்திரிக்கு எதுக்கு இம்புட்டுச் சேலை? என்னய எங்க கூட்டிட்டுப் போனீக?"

ஊர்க்காவலன் அவள் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். கொட்டகையை, சங்கிலியை, தான் சம்மதித்ததை. பாண்டி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். அவள் திட்டவில்லை, அழவும் இல்லை. சேலைகளை ஒவ்வொன்றாக மடித்து மடியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கை இன்னும் லேசாக ஆடியது.

"அங்கன எம்புட்டுப் பேரு இருக்காக, தம்பி?" என்று கேட்டாள்.

"இருவது முப்பது பேரு இருப்பாகக்கா."

"அவுகளுக்கெல்லாம் என்ன சீக்குன்னு எனக்குத் தெரியாது. ஆனா ஒருத்தராச்சும் அவுக பக்கத்துல குனிஞ்சு, தாயி ஒனக்கு வயிறு எப்படி இருக்கு, ஈரல் எப்படி இருக்குன்னு கேட்டிருப்பாகளா?"

அவள் புருஷனின் பக்கம் திரும்பினாள். கோபமில்லாத, ஆனால் மறுக்கமுடியாத குரலில் சொன்னாள்.

"அந்த எடம் எங்க இருக்குன்னு டாக்டர்ட்டச் சொல்லி, அவுகளையும் வந்து பாக்கச் சொல்லிட்டு வாங்க. அதுவரைக்கும் நான் வண்டிய விட்டு எறங்குறதா இல்ல, வண்டியும் நகரப்போறதில்ல."

ஊர்க்காவலன் எழுந்தான். பாண்டி என்ஜினை அணைத்துவிட்டு, வழி எனக்குத்தான் தெரியும் மச்சான் என்று தானும் இறங்கினான். இருவரும் ஆஸ்பத்திரிப் படிகளில் மறுபடியும் ஏறிப் போனார்கள்.